இடது கை சுகம்

குளத்தூர்
ரிசல்ட் நாள், காலை

அன்புக்கும் ஆத்திரத்துக்கும் ஒன்றுபோல உரிமையுள்ள என் தம்பி பிரதீஷுக்கு,

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நாலாம் வகுப்பை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவளாகிய உன் அக்கா சரசம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். சிப்ஸ் கடை சுகம். உடைந்த சிப்ஸ் தின்று பெருத்துப்போன கடைப்பூனையும் சுகம். உன் மகன் அஸ்வந்தின் இடது கை மிகவும் சுகம். அதுபோல சலாலாவில் நீயும், உன் வீட்டுக்காரி அஞ்சுவும், அவள் கையால் ஊசி போட்டுக்கொள்கிற பாவப்பட்ட ஜனங்களும் சுகமாயிருக்க நம்ம முடிப்புரை அம்மையை வேண்டிக்கொள்கிறேன்.

அதென்ன இடது கை மட்டும் என்று நீ கேட்பாய். கேள், ஆனால் பொறுத்திரு. அதற்காகத்தான் போனை விட்டுவிட்டுத் தாளை எடுத்தேன். போனில் சொன்னால் "அக்கா, சுருக்கிச் சொல்லு" என்று நடுவில் புகுந்துவிடுவாய். தாளுக்குள் நீ புக முடியாது.

விஷயம் இது. இன்றைக்கு மூன்று மணிக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட். உன்னோடு வேலை செய்கிற நிஜின் லீவு முடிந்து இன்று ராத்திரி விமானம் ஏறுகிறான். சாயங்காலம் வந்து உனக்குள்ள பொட்டலத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். நான் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன். பையன் ஜெயித்தால் உனக்கு ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் வரும், இந்தத் தாள் அடுப்புக்குப் போகும். தோற்றால் சிப்ஸோடு இந்தக் கடிதமும் வரும். ஆகவே நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் என்ன நடந்தது என்று உனக்கு இப்போதே விளங்கியிருக்கும். முதலில் சிப்ஸைத் தின்றுவிடு மக்கா. வயிறு நிறைந்தவன் கொஞ்சம் குறைவாகத் திட்டுவான்.

உன் மகன் காலையிலிருந்து கட்டிலில் குப்புறக் கிடக்கிறான். தட்டில் வைத்த புட்டு இடிக்காத கோபுரம் போல அப்படியே நிற்கிறது. இந்தப் பரீட்சையில் இப்போதெல்லாம் ஜெயிப்பது கஷ்டமில்லை, தோற்பதுதான் கஷ்டம் என்று ஊரில் பேச்சு. எல்லாரும் ஜெயிக்கிற பரீட்சையில் ஒருவன் தோற்றால் அவனைப் பார்க்க ஜனம் ஆட்டோ பிடித்து வருமே, அதை நினைத்துத்தான் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருட்டும்வரை இருந்து படிப்பார்கள், வீட்டுக்காரிகள் முறை வைத்து ஆகாரம் கொண்டுபோக வேண்டும். எனக்கு முந்தின முறைக்காரி உப்புமா கொண்டுபோனாள், பிள்ளைகள் அதை ஒட்டி விளையாடினார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு சரசம்மா விடுவாளா? மரச்சீனிக் கிழங்கு அவித்து, தேங்காய் அரைத்துப் போட்டுக் கிளறி, சாளை மீன் கறியும் வைத்தேன். நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இறங்கின அந்தப் பெரிய அலுமினியச் சட்டி இருக்கிறதே, அதில் மரச்சீனியைக் கொட்டி, ஸ்கூட்டரில் பின்னால் உன் மகனை உட்காரவைத்து, சட்டியை அவன் மடியில் வைத்துக் கட்டிப்பிடிக்கச் சொன்னேன். ஆட்டோ பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. கால்வாய்ப் பாலத்துத் திருப்பத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டின எம்-சாண்டில் வண்டி வழுக்கியது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், உன் மகன் அந்தப் பக்கம், சட்டி மட்டும் நடுரோட்டில் அம்மன் எழுந்தருளினது போல நேராக நின்றது, மூடிகூட விலகவில்லை. தம்பி, இனி எழுதப்போவதை நீ அஞ்சுவிடம் சொல்லக்கூடாது. எழுந்திருக்கும்போது என் வாயில் முதலில் வந்தது உன் மகன் பேர் அல்ல. "ஐயோ, சட்டி!" என்றுதான் கூவினேன். அந்தப் பக்கத்திலிருந்து அவன் சத்தம் வந்தது: "மாமி, சட்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்காக்கும் உண்டு."

வலது கை. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு இரண்டாக. டாக்டர் விரல் முதல் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, "பரீட்சை எப்போ?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். 

மரச்சீனியைப் பிள்ளைகள் ருசித்துச் சாப்பிட்டார்களாம். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், தெரியும். போகும்போது விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து "அக்கா, இவன நான் உன்கிட்ட ஏல்ப்பிச்சிட்டுப் போறேன்" என்று சொன்னவன் நீ. நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது சட்டியை. எந்த வாயால் சொல்வது? அதனால் நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் அவன் குளித்துக்கொண்டிருந்தான். நீயும் பாவம், "இன்னுமா குளிக்கான்? கிணறு வத்திராம" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். ஒரு நாள் "நல்லா தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு, ரெண்டு கையும் உண்டுல்லா" என்றாய் பார், நான் சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு நீ சாதாரணமாகச் சொன்னதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கிடையில் நீ அனுப்பின சட்டைகள் வந்தன. எலே, ஒரு அப்பனுக்குப் பெற்ற பிள்ளையின் அளவு தெரியாதா? ஒவ்வொரு கையும் ஒரு தலையணை உறை. யானைக்குட்டிக்கு வாங்கினது போல இருந்தது. ஆனால் மாவுக்கட்டோடு நுழைந்த சட்டை அது மட்டும்தான். உன் அறியாமையும் ஒரு உபகாரமாயிற்று என்று நானும் அவனும் சிரித்தோம். இந்த வீட்டில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், கை ஒடிந்த பிள்ளை வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஸ்கிரைப் என்று பேர், ஆனால் மேலே இருந்து உத்தரவு வரவேண்டும் என்று. உத்தரவு என்ற சொல்லைக் கேட்டதும் நான் தளர்ந்துபோனேன். நம்ம வம்சத்துக்கும் ஆபீஸுக்கும் எப்போது ஒத்துப்போயிருக்கிறது? அப்போதுதான் பிரேமகுமாரி டீச்சர் வந்தாள். பி.ஆர்.சி. என்று ஒரு ஆபீஸ் உண்டு, இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கைத்தாங்கல் கொடுக்கிற ஆபீஸ். பள்ளிக்குப் போக முடியாமல் கட்டிலில் கிடக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள், வாத்தியார்களுக்கே வகுப்பு எடுப்பார்கள், இப்படிப்பட்ட இக்கட்டுகளுக்கும் ஓடி வருவார்கள். என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து முந்திக்கொண்டு ஒரு தட்டு சிப்ஸை நீட்டினேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாலு சிப்ஸ் தின்றாள்.

"எக்கா, அழுது கரையாண்டாம். கைதான் ஒடிஞ்சிருக்கு. படிப்பு ஒடியல்ல."

"டீச்சரே, அவனுக்க படிப்பு அந்தக் கையிலதான் இருந்து. தலையில இருந்ததா எனக்குத் தெரியாது."

"மாமி!" என்று உள்ளேயிருந்து உன் மகன்.

"உத்தரவ நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் டீச்சர். "பையனுக்க அப்பா நம்பர் பள்ளிக்கூடத்துல உண்டுல்லா?"

"உண்டு. ஆனா கூப்பிடாண்டாம் டீச்சரே. பரீட்சை முடியட்டும். கையெடுத்துக் கும்பிடுதேன்."

அவள் இன்னொரு சிப்ஸ் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கிறவள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத வருகிற ஆள் ஒரு வகுப்பு கீழே படிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், தமிழில் எழுத வேண்டும். மலையாள நாட்டுப் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஒருவனுடைய எழுத்தை அவனே மறுநாள் வாசிக்க முடியாது. இன்னொருத்தி பேனாவைப் பிடித்தாலே தூங்கிவிடுவாள். நல்ல கையெழுத்து, வேகமான கை, ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு என்றார்கள். நந்தனா. செல்லசாமியண்ணன் மகள். அந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது.

உனக்கு இந்தக் கதை தெரியாது, நீ போன பிறகு நடந்தது. செல்லசாமியண்ணன் வீடு கட்டினார். ஜன்னல், வராந்தா, மாடிப்படி, கிணறு என்று கண்ட இடத்திலெல்லாம் இரும்புக்கம்பி போட்டார். புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போன நான் சும்மா இருக்காமல், "அண்ணே, பாங்கு எத்தன மணிக்குத் தொறக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், அது பாங்கு வீடு ஆகிவிட்டது. கியாஸ் கொண்டுவருகிறவன்கூட "பாங்கு வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்கிறான். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார், என் கடைச் சிப்ஸையும் நிறுத்திவிட்டார். பேச்சை நிறுத்தினதை நான் பொறுத்துக்கொண்டேன்.

டீச்சர் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அண்ணன் கம்பிக்கு உள்ளே, நாங்கள் வெளியே.

"ஆராக்கும்?" என்றார், நன்றாகத் தெரிந்தும்.

"நானாக்கும் அண்ணே. சரசம்மா."

"இன்னைக்கு பாங்கு லீவாக்கும்."

நான் எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். என் கேலியை எடுத்து என் தலையிலேயே போட்ட மனுஷர் இவர் ஒருவர்தான். வேறு நாளாக இருந்தால் கை தட்டியிருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. டீச்சர் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மனதிலுள்ளதை ஒளிக்காமல் சொன்னார்.

"டீச்சரே, பையன் ஜெயிச்சா அவன் படிச்சதாக்கும்னு சொல்லுவாவ. தோத்தா செல்லசாமிக்க மவ தப்பா எழுதிக் கெடுத்தாளாம்னு சொல்லுவாவ. அதும் இந்த சரசம்மாக்க வாயில விழுந்தா எம்பிள்ளைக்க பேரு என்ன ஆவும்? எனக்கு ஒரு வீடு போச்சு. போவட்டும். பிள்ளைய விட மாட்டேன்."

தம்பி, சிரிப்புக்காகச் சொல்கிற ஒரு வார்த்தை இன்னொருவர் வீட்டு வாசலில் எவ்வளவு நாள் நிற்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டீச்சர் சொன்னாள்: "அண்ணே, நான் ரெண்டு பிள்ளைகளையும் இருத்திப் பழக்குவேன். அறையில சார் இருப்பாரு. அவன் சொல்லுதத அப்படியே இவ எழுதுவா. கூட்டாண்டாம், குறைக்காண்டாம். தப்புன்னா அது அவனுக்க தப்பாக்கும். இவ தலையில வராது, அதுக்கு நான் பொறுப்பு."

உள்ளேயிருந்து நந்தனா வந்தாள். "அப்பா, நான் எழுதுதேன். ஆனா டீச்சர், அந்த அண்ணன் தப்பா சொன்னா?"

"தப்பாவே எழுதணும் மக்கா."

அந்தப் பெண்ணின் முகம் மீன்முள் தொண்டையில் மாட்டினதுபோல ஆயிற்று. வகுப்பில் முதல் பிள்ளை. அவளை விழி திறந்திருக்கும்போதே தப்பு எழுதச் சொல்வது கோழியைப் பூனைக்குப் பால் கொடுக்கச் சொல்வதுபோல. ஆனாலும் தலையாட்டினாள். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். ரிசல்ட் வரும்வரை அவருடைய வீட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கக்கூடாது. சம்மதித்தேன். அந்த வாரமே அவர் நாய்க்கூட்டுக்கும் கம்பி போட்டார் தம்பி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு துண்டைக் கடித்தேன்.

பழக்கம் நம்ம வீட்டு முன்னறையில் நடந்தது. அவன் சொல்ல, அவள் எழுத. முதல் நாள் டீச்சர் தாளை வாங்கி உரக்க வாசித்தாள்: "ஒளிச்சேர்க்கை என்பது செடி வந்து, இரி இரி, மறந்துபோச்சு, நேத்தும் படிச்சதாக்கும், மாமி அந்த மிக்ஸிய ஒண்ணு நிறுத்தும், செடி சூரிய வெளிச்சத்துல..." எல்லாம் முத்து முத்தான எழுத்தில். 'மிக்ஸி' என்பதற்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தாள். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, கூட்டாண்டாம், குறைக்காண்டாம்னு" என்றாள். டீச்சர் கோபப்படவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் இடது கை விரலைத் தூக்கினால் பதில், தாழ்த்தினால் வெறும் பேச்சு. தூக்கும்போது மட்டும் எழுது. அன்றிலிருந்து அந்த இடது கைதான் எங்கள் வீட்டுக்கு விளக்கு. அதனால்தான் முதலிலேயே சொன்னேன், அது மிகவும் சுகம் என்று.

வெள்ளிக்கிழமைகளில் டீச்சர் அவனைத் தன் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மனசுவிட்டுப் பேசுகிறதற்கு என்றாள். யாரிடம் என்ன பேசினானோ, போகும்போது தொங்கின முகம் திரும்பும்போது நிமிர்ந்திருக்கும். நான் கேட்டால் "ஒண்ணும் இல்ல மாமி" என்பான். உத்தரவும் வந்தது. மொழிப்பாடம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தனி அறை, கூடுதல் நேரம், அவன், அவள், ஒரு சார். நான் கேட்டுக்கு வெளியே ஆலமரத்தடியில் முடிப்புரை அம்மையோடு சண்டை.

இனி உட்கார்ந்துகொண்டு படி. சமூக அறிவியல் பரீட்சை அன்று அந்த அறைக்குப் புது சார் வந்தார். பெருங்கடவிளைப் பக்கத்து ஆள், தமிழ் தெரியாதவர். நல்ல மனுஷர். அந்த நல்ல மனசுதான் எங்களைக் கெடுத்தது. வந்ததும் வராததுமாக, "மோனே, கை வேதனிக்குன்னுண்டோ? குடிக்கான் வெள்ளம் வேணோ?" என்று வலியையும் தாகத்தையும் விசாரித்தாராம். ஃபேனைத் திருப்பி வைத்தாராம். தம்பி, நம்ம ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். மலையாளம் மட்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது நாம் நமக்குள் தமிழில் பேசினால் மரியாதைக்கேடு, அவரைப் பற்றி ஏதோ குசுகுசுக்கிறோம் என்று நினைப்பார். பஸ்ஸிலும் பந்தியிலும் ஆஸ்பத்திரியிலும் நாக்கு தானாகத் திரும்பிவிடும். நமக்கு அது சட்டை போடுவது மாதிரி, யாரும் நினைத்துச் செய்வதில்லை. அப்படி அன்பாக விசாரித்த மனுஷர் எதிரில் உட்கார்ந்திருக்க, உன் மகன் விரலைத் தூக்கி, ஒரு மரியாதைக்காரனாக, மலையாளத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டான். நந்தனா இருக்கிறாளே, கூட்டாதவள், குறைக்காதவள், அவன் மலையாளத்தில் சொன்னதை மலையாளத்திலேயே எழுதிவிட்டாள். சார் குனிந்து ஏதாவது எடுக்கும்போது இவன் நாக்கு தமிழுக்கு வரும், அவளும் தமிழுக்கு வருவாள். சார் நிமிர்ந்தால் மறுபடியும் மலையாளம். சாருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பையன் பேசுவது அவருக்கு நன்றாகப் புரிந்ததல்லவா.

வெளியே வந்தான். "கொள்ளாம் மாமி, நல்லா இருந்து, எல்லாத்துக்கும் பதில் தெரியும்" என்றான். பின்னால் நந்தனா வந்தாள், வெளுத்துப்போய்.

"டீச்சர், ஒரு சம்சயம். ரெண்டு பாஷையிலயும் எழுதலாமா?"

"எந்த ரெண்டு பாஷை?"

அவள் சொன்னாள். டீச்சர் உன் மகனைப் பார்த்தாள். உன் மகன் என்னைப் பார்த்தான்.

"நான் மலையாளத்துலயா சொன்னேன்?"

"எலே, உனக்கே தெரியாதா?"

"சார் இருந்தாருல்லா மாமி" என்றான். அதற்கு மேல் அவனிடம் கேட்க ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

டீச்சர் உள்ளே ஓடினாள். தாளைக் கட்டி முத்திரை வைத்தாயிற்று, இனி யாரும் தொடக்கூடாது. மேலாபீஸுக்குப் போன் போட்டாள். அங்கே நல்ல வார்த்தைதான் சொன்னார்கள், ஆனால் தமிழ்ப் பிரிவுத் தாள் தமிழில்தான் இருக்க வேண்டும், திருத்துகிறவர் என்ன முடிவெடுப்பாரோ, இப்போது வாக்குக் கொடுக்க முடியாது, நடந்ததை எழுதித்தாருங்கள் என்றார்கள். அந்த சார் விஷயம் தெரிந்து ஓடி வந்தார், முகமெல்லாம் வியர்வை. "ஞான் அறிஞ்ஞில்லல்லோ, ஈஸ்வரா" என்று, தெரியாமல் போனதற்குத் தலையில் கை வைத்துக்கொண்டு, தானும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். எல்லாம் முடிந்து டீச்சர் ஸ்கூட்டரில் ஏறி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. பாதித்தாள் தமிழ், பாதித்தாள் மலையாளம், நம்ம களியக்காவிளை பஸ் போர்டு மாதிரி. போர்டைப் பார்த்து பஸ் ஏறலாம். தாளைப் பார்த்து மார்க் போடுவார்களா?

அன்று சாயங்காலம் செல்லசாமியண்ணன் கடைக்கே வந்துவிட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா? இனி எம்பிள்ளை வராது."  பின்னாலேயே நந்தனா வந்து நின்றாள். "அப்பா, பாதியில விட்டா நான் தப்பு செய்தேன்னு ஆயிரும். நான் போவேன்" என்றாள். அண்ணன் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனார். நான் காசு வாங்கவில்லை. அவர் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.

கணக்குப் பரீட்சைக்கும் அதே சார்தான். கதவடியிலேயே நின்று, "மோனே, இன்னைக்கு தமிழ் பறயணும், கேட்டோ. எனிக்கு சந்தோஷமேயுள்ளூ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம், பையனுக்கு மரியாதை வந்துவிடாமல் இருக்க. மற்றதெல்லாம் தமிழில்தான். கட்டும் பிரித்தாயிற்று, கை மெலிந்து மரச்சீனித் தண்டு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த ஒரு தாள். உன் மகன் முன்னெல்லாம் என் கேலிக்குப் பதில் கேலி சொல்வான். இப்போது சிரிப்பதுபோல உதட்டை இழுக்கிறான். நேற்று கேட்டான்: "மாமி, தோத்தா நந்தனாய எல்லாரும் குத்தம் சொல்லுவாவளா?" தன்னைப் பற்றிக் கேட்கவில்லை பார். நான் அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

இப்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. அண்ணன் எதிர்த்த ரோட்டில் நிற்கிறார், எங்கோ போகிறவர்போல, எங்கும் போகாமல். நந்தனா என் கடை பெஞ்சில் இருக்கிறாள். உன் மகன் கட்டிலைவிட்டு எழுந்து வாசலில் நிற்கிறான்.  பூனைகூடத் தின்னவில்லை.

தம்பி, தோற்றிருந்தால் அவனைத் திட்டாதே. அவன் மரியாதையால் தோற்றான். நந்தனாவையும் ஒரு வார்த்தை சொல்லாதே, அவள் சொன்னதைக் கேட்டவள். டீச்சர் தன் பிள்ளைக்குப் போல ஓடினாள். திட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் சட்டியைக் கூவினவள் ஒருத்தி இருக்கிறாள், அவளைத் திட்டு. உன் வேலைக்கும் ஆயுசுக்கும் குறைவு வராமலும், அஞ்சுவின் இடுப்புவலி தீரவும், நீங்கள் சம்பாதிப்பது உங்கள் கையில் தங்கவும் முடிப்புரை அம்மை அருளட்டும். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் நம்பிக்கைக்கு உரியவளாக இருந்த அக்கா,
சரசம்மா

பின்குறிப்பு: அடுப்பில் போட வேண்டிய தாளில் இதை எழுதுகிறேன். ஜெயித்துவிட்டான். மூன்று மணிக்குப் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை. கடைசியில் டீச்சர்தான் ஹெல்மெட்டோடு ஓடி வந்து போனை நீட்டினாள். சமூக அறிவியலுக்கு பி கிரேடு. அந்தத் தாளைத் திருத்தின புண்ணியவான் யாரோ, கட்டாயம் நம்ம பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும், இரண்டு எழுத்தையும் ஒரே மூச்சில் படித்திருக்கிறார். நந்தனா கத்தின கத்தலில் பூனை எண்ணெய் டின்னுக்குள் விழப்பார்த்தது. செல்லசாமியண்ணன் ரோட்டைக் கடந்து வந்து, "எம்பிள்ளைக்க கையெழுத்தாக்கும்" என்றார். நான் இந்தக் கடிதத்தைச் சுருட்டி அடுப்புப் பக்கம் நடந்தேன். அப்போது டீச்சர், "ஒரு ஆளுக்கு உடனே சொல்லணும் எக்கா" என்று போனைப் போட்டு என் காதில் வைத்தாள். உன் சத்தம். ஹலோ இல்லை, ரிசல்ட் என்ன என்று இல்லை.

"அக்கா, சட்டி எப்படி இருக்கு?"

எலே! அப்பன் அம்மை சம்மதம் இல்லாமல் ஸ்கிரைப்புக்கு உத்தரவு வராதாம். டீச்சர் அன்றைக்கே உன்னிடம் பேசிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை ஆபீஸில் இவன் மனசுவிட்டுப் பேசினது உன்னோடாம், சட்டிக் கதையும் அப்படித்தான் அங்கே வந்ததாம். சட்டை யானைக்குட்டிக்கு இல்லையாம், மாவுக்கட்டுக்காம், அளவு சொல்லிக்கொடுத்தது அஞ்சுவாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று டீச்சரைத் தடுத்ததும் நீயாம். "பொய் சொல்லிக்கிட்டிருந்தா எங்க அக்கா சுறுசுறுப்பா இருப்பா டீச்சர். உண்மை தெரிஞ்சாச்சுன்னா உக்காந்து கரைஞ்சிருவா" என்று சொன்னாயாமே. நான் அத்தனை நாள் உன் மகனைக் குளிப்பாட்டினேன், நீ அத்தனை நாள் அங்கே சிரித்தாய். ஆகவே தீர்மானத்தை மாற்றிவிட்டேன். நிஜின் கையில் கடிதம் மட்டும் வருகிறது. சிப்ஸ் முழுவதும் பாங்கில் போட்டாயிற்று. நிபந்தனை இன்றோடு முடிந்ததால் அப்படிச் சொல்கிறேன், அண்ணனும் கம்பிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது.

சட்டி சுகம்.